புரட்டாசிக் கறி

எது கைக்கு வந்தாலும் சரளா முதலில் மூக்குக்குக் கொண்டுபோவாள். கொத்துமல்லிக் கட்டு, தள்ளுபடியில் எடுத்த புடவை, பேங்க்கில் புதிதாகக் கொடுத்த பாஸ்புக், எதுவும் தப்பாது. அடுத்து கட்டைவிரலால் ஓர் அழுத்து. அழுத்திய இடம் குழிந்து உடனே எழும்பினால் நல்ல சரக்கு. குழி அப்படியே நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். சுஜி நீட்டிய பாக்கெட்டையும் அப்படித்தான் பிரித்தாள், மோந்தாள், அழுத்தினாள், புருவத்தைச் சுருக்கினாள்.

"இன்னா கண்ணு இது, ஆடா, கோழியா?"

"ரெண்டும் இல்லக்கா, பட்டாணி. அதுல இருந்து புரோட்டீன் எடுத்து மட்டன் மாதிரியே செஞ்சது."

"மட்டனுங்கற, வாசமே இல்ல. குளிச்சிட்டு வந்த ஆடா கீதே."

சுஜி சிறுசேரியில், செடியிலிருந்து கறி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்ப்பவள். ஊருக்கெல்லாம் பட்டாணியை மட்டனாக்கிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் இறங்கி சரளாவின் வண்டியில் நெத்திலி வறுவல் தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அந்த வெட்கக்கேட்டை சரளா அவளிடம் பலமுறை சொல்லிக் காட்டியாகிவிட்டது.

சரளா கோவளம் குப்பத்துக்காரி. புருஷன் துலுக்காணம் விடியலில் கரைக்குக் கொண்டுவருவதை இவள் சாயங்காலம் மசாலா தடவிக் கல்லில் போடுவாள். நாற்பதைத் தாண்டிய உடம்பு, எண்ணெய்த் தழும்பேறிய முன்கைகள், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவனையும் திரும்ப வைக்கும் குரல். பஸ்ஸை விட்டு இறங்குகிற நடையைப் பார்த்தே யாருக்கு என்ன துண்டு என்று முடிவு செய்துவிடுவாள். நின்று ருசித்துத் தின்பவனுக்கு நடுத்துண்டு. போனைப் பார்த்துக்கொண்டே தின்பவன் எவ்வளவு கெஞ்சினாலும் வால்தான் கிடைக்கும். "மீன் மூஞ்சியப் பாக்காதவனுக்கு நடுத்துண்டு எதுக்கு?" என்பாள்.

இப்படிப்பட்டவள் பட்டாணியைத் தொடக் காரணம் புரட்டாசி. மாதம் பிறந்தால் கேளம்பாக்கத்தில் பாதிப் பேர் நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு கறி, மீனை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். "எங்களுக்கு இன்னா புரட்டாசி? கடலு புரட்டாசின்னு லீவா வுடுது?" என்று சரளா கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்டால் வியாபாரம் நடக்காது. போன புரட்டாசியில் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டில் இருந்தாள். திரும்பி வந்தபோது அவளுடைய இடத்தில் ஒரு மோமோ வண்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதைக் கிளப்ப தீபாவளி வரைக்கும் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது.

இடம் தட்சிணாமூர்த்தியுடையது. ஒரு காலத்தில் நெல் விளைந்த அவருடைய நிலத்தில் இப்போது கீழே கடைகள், மேலே அவர் வீடு. அந்த வாசலில்தான் வண்டி நிற்கிறது. வஞ்சிரம் வறுவல் என்றால் உயிரை விடுகிற மனிதர், புரட்டாசியில் மட்டும் முட்டை போட்ட கேக்கைக்கூடத் தள்ளி வைப்பார். இந்த வருஷம் முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டார்.

"இந்த மாசம் என் வாசல்ல கவிச்சி கூடாதும்மா. வேற ஏதாவது போட்டு வியாபாரம் பண்ணு. கவிச்சின்னு தெரிஞ்சுதுன்னா மோமோக்காரனைக் கூப்பிட்டு விட்டுடுவேன். அப்புறம் வருத்தப்படாதே."

அன்றிலிருந்து சரளாவுக்குத் தூக்கம் போனது. கவலையில் இரண்டு நாள்தான். பிறகு போனதெல்லாம் உற்சாகத்தில். முதல் பாக்கெட்டை மீன் மாதிரி கல்லில் போட்டாள், உதிர்ந்து உப்புமா ஆகிவிட்டது. குழம்பில் போட்டாள், ரப்பர். சோம்பையும் மிளகையும் வறுத்து இடித்து, சின்ன வெங்காயத்தோடு சுருளச் சுருள வதக்கியபோது குப்பத்தின் சந்து முழுக்க வாசம் போனது. துலுக்காணம் தைத்துக்கொண்டிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தான்.

"கடலுக்குப் போறவன் வூட்ல பட்டாணியா? வெளிய தெரிஞ்சா அசிங்கம்டி," என்றவன் தட்டை வழித்துவிட்டு, "ஆனா சோக்காத்தான் கீது" என்று முனகிக்கொண்டே போனான்.

சரளாவுக்குத் தலைகால் புரியவில்லை. மீன் கல்லையும் கரண்டியையும் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினாள். விரதக்காரர்களுக்குப் பழைய சட்டி ஆகாது என்று புதுச் சட்டி வாங்கினாள். வண்டியைப் புளி போட்டுத் தேய்த்து மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். முன்னால் 'புரட்டாசிக் கறி, சுத்த சைவம்' என்று பலகை மாட்டினாள். மாட்டிவிட்டு ரோட்டின் நடுவில் போய் நின்று பார்த்ததில் ஒரு ஷேர் ஆட்டோக்காரனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஆனாலும் ஏதோ ஒன்று குறைந்தது. தின்றவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள், இரண்டாவது தட்டு கேட்கவில்லை. அவர்கள் வாயைப் பார்த்தே சரளா கண்டுபிடித்தாள்.

"எலும்பு இல்ல கண்ணு," என்றாள் சுஜியிடம். "வாய்க்கு வேலையே இல்ல. கறின்னா கடிக்கணும், உறிஞ்சணும், துப்பணும். ஒரு நல்லி கூட இல்லேன்னா அது இன்னா கறி?"

"அக்கா, எங்க கம்பெனியில இதுக்கு ஒரு டீமே மூளையைக் கசக்கிட்டு இருக்கு."

"அவங்க கசக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சரளா பக்கத்துக் கரும்புச்சாறு வண்டிக்குப் போய் ஒரு கரும்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தோலைச் சீவி, விரல் அளவுக்கு நறுக்கி, கணு உள்ள துண்டுகளைத் தனியாக எடுத்தாள். ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் பட்டாணிக் கறியை அமுக்கிப் பிடித்து மசாலாவில் பிரட்டினாள். வெந்து வந்ததைப் பார்த்தால் அசல் ஆட்டு எலும்பு. கணு இருந்த இடம் மூட்டு மாதிரியே இருந்தது. கறியைக் கடித்துவிட்டு எலும்பை மென்றால் மிளகுக் காரத்துக்கு மேல் கரும்புச்சாறு இறங்கும்.

அதற்குப் பிறகு கூட்டத்தைக் கேட்க வேண்டாம். எல்லோரிடமும் சரளா மறக்காமல் சொல்லுவாள்: "எலும்பையும் மென்னு துப்பு, கரும்புதான்." பிறவிச் சைவர்கள் சிலர் பலகையை நம்பி வந்து, வாசம் பட்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை, ஏகப்பட்ட பெருமை. "பாத்தியா, மெய்யாலுமே கறின்னு நம்பிட்டாங்க. அவங்களுக்காகவா நான் செய்றேன்? துன்னுப் பழகி, விட்டுட்டு, நாக்கைத் தொங்க போட்டுகினு கீறானே, அவனுக்கோசரம் செய்றேன்."

அந்த நாக்கைத் தொங்கப் போட்டவர்களில் ஒருவர் தினமும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம், திருவிடந்தைப் பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றி நிறைய நாமத்தோடு தட்சிணாமூர்த்தி மாடிக்குக்கூடப் போகாமல் நேராக வண்டிக்கு வந்துவிட்டார்.

சரளாவுக்குக் கை கால் ஓடவில்லை. இடத்துக்காரர், வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி. பெரிய மனிதருக்கு வைக்கிற துண்டை வைக்க வேண்டாமா? சட்டியைக் கிளறி, கணு புடைத்த பெரிய நல்லியாகப் பொறுக்கி, தட்டின் நடுவில் வைத்து நீட்டினாள். பதற்றத்தில், எல்லோரிடமும் சொல்கிற அந்த ஒரு வார்த்தையை இவரிடம் சொல்ல மறந்துபோனாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். முகம் மலர்ந்தது. மறுபடி கடித்தார். பல்லில் டக்கென்று ஏதோ பட்டது. வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார். மூட்டோடு ஒரு எலும்பு.

"பாவி. சனிக்கிழமையும் அதுவுமா எனக்கு ஆட்டைப் போட்டுட்டியே."

தின்றுகொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றது. அவர் எலும்பைக் கையில் பிடித்தபடியே புலம்பினார். "எங்க அப்பா காலத்துல இருந்து காப்பாத்தின விரதம்மா. இப்பதான் கோயில் படியிறங்கி வரேன். பலகையில சைவம்னு எழுதி வெச்சு இப்படிப் பண்ணலாமா?"

"சார், அது கரும்பு சார்."

"கரும்புக்கு மூட்டு இருக்குமா? ஆட்டு ருசி எனக்குத் தெரியாதா? வண்டியை எடு. இப்பவே எடு."

இடம் போய்விடுமோ என்று சரளாவுக்குப் பயம்தான். உள்ளுக்குள் வேறொன்றும் துள்ளியது, அதை அவள் மறைக்கவும் இல்லை. இத்தனை வருஷம் ஆடு தின்ற மனிதர் ஆடுதான் என்று சத்தியம் செய்கிறாரே! வண்டியோரம் நின்ற சுஜி பாக்கெட்டை எடுத்துப் பச்சைப் புள்ளியைக் காட்டினாள். "புள்ளி யார் வேணா வெப்பாங்க" என்று தட்டிவிட்டார். சரளா சட்டியிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து மென்று காட்டப் போனாள்.

"அது வேணாம். அதுல நீ கரும்பு வெச்சிருப்பே. என் வாயில பட்டது இது." எலும்பை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

சரளா ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவர் விரலிலிருந்து அதை வெடுக்கென்று பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"அய்யோ, எச்சிம்மா" என்று அவரே பதறிவிட்டார். சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். இன்னொருவர் வீட்டு ஆம்பளையின் எச்சிலை நடுரோட்டில் வாயில் போட்டவளை அந்தக் கூட்டுரோடு அதுவரை பார்த்ததில்லை. சரளா யாரையும் பார்க்கவில்லை. கடைவாயில் வைத்துக் கணுவை நொறுக்கினாள். கடைவாயோரம் சாறு வழிந்தது. நன்றாக மென்று, வெள்ளைச் சக்கையை உள்ளங்கையில் துப்பி அவர் முன்னால் நீட்டினாள்.

தட்சிணாமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நார் நாராக இருந்தது. நிமிர்ந்து மூச்சை விட்டார். கண்ணில் நீர் தளும்பியது, சிரிப்பும் வந்தது.

"அப்ப என் விரதம் போகல?"

"போகல சார். நாக்கு மட்டும்தான் கொஞ்சம் ஊர் சுத்திட்டு வந்துகீது."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டார். "வீட்டுக்கு ஒரு பார்சல் கட்டும்மா. எலும்பு நிறைய போடு" என்றார். கூட்டம் சிரித்தது, சுஜி கைதட்டினாள். சரளா இதில் எதையும் காதில் வாங்கவில்லை. வாயில் மிச்சமிருந்த சாறை நாக்கால் புரட்டிப் பார்த்துக்கொண்டே திரும்பி, உப்பு டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்துச் சட்டியில் தூவினாள்.