நீக்கப்பட்ட ஏழு வரிகள்

நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவரை நண்பர் என்று சொல்லிக்கொள்ளலாமா? கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் இரண்டு வருடமாக எனக்கு விடை தெரியவில்லை. ஒருநாள் ஆமாம் என்று தோன்றும். மறுநாள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, இல்லையே, அவர்களுக்கு என் பெயர்கூடத் தெரியாதே என்று தோன்றும்.

நான் வடசென்னையில் கடலோரம் பிறந்து வளர்ந்தவள். பி.காம். முடித்த கையோடு கல்யாணம். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் இந்தக் குப்பத்துக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. கணவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. விடிந்ததும் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். மாமனார் ஏரிக்குப் போவார். மாமியார் மீன் கூடையோடு பொன்னேரி பஸ் ஏறுவார். அதற்குப் பிறகு வீட்டில் நானும் என் மகளும்தான். அவளுக்கு இப்போது இரண்டரை வயது. அக்கம்பக்கத்துப் பெண்கள் நல்லவர்கள். ஆனால் அவர்கள் ஒருவருக்கொருவர் சித்தி மகள், மாமன் மகள். நான் போனால், "வா, பட்டணத்தம்மா" என்று நகர்ந்து இடம் விடுவார்கள். நான் உட்கார்ந்ததும் அதுவரை நடந்த பேச்சு நின்றுவிடும். நான் வந்ததால் நின்றதா, தானாகவே முடிந்ததா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வருவேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஒரு மழைக்காலத்தில் அதில் நான்கு எழுத்துகள் அழுத்தினால் உள்ளே போயின, மேலே வரவில்லை. தமிழில் கணினி உதவிக் குழு ஒன்று போனில் இருப்பதைத் தேடிப் பிடித்தது அப்போதுதான். அங்கே யாரும் சொந்தப் பெயரில் இல்லை. படங்களை வைத்தே கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் ஒரு படகுப் படம் வைத்திருந்தேன்.

என் கேள்விக்கு முதலில் பதில் போட்டவர் ஸ்கூட்டர் படம் வைத்திருந்த ஒரு பெரியவர். கோயம்புத்தூர்ப் பக்கம், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"வீடு கடலோரமுங்களா? உப்புக்காத்து பூந்திருக்குமுங்க. பதறாதீங்க."

அடுத்து சூரியகாந்திப் படம் போட்ட அக்கா வந்தார். திருநெல்வேலியில் டைப்பிங் கடை வைத்திருப்பவர்.

"ஏம்மா படகு, மீன் கொழம்ப லேப்டாப் மேலயே வச்சு எறக்கிட்டியோ?"

அன்று நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். குழந்தை விழித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பழைய டூத் பிரஷ், கொஞ்சம் ஸ்பிரிட், ஒவ்வொரு எழுத்துப் பொத்தானாகக் கழற்றித் துடைப்பது என்று இரண்டு பேரும் இரண்டு நாள் கூடவே இருந்து சொல்லித் தந்தார்கள். நான்கில் மூன்று எழுத்துகள் மேலே வந்தன.

அதன் பிறகு பிள்ளை தூங்கும் மதிய வேளையெல்லாம் அந்தக் குழுதான். ஒருமுறை மகள் பிறந்த அன்று எடுத்த படங்களை நானே அழித்துவிட்டேன். பதறிப்போய்க் குழுவில் எழுதினேன். "மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிங்க, நான் எங்கயும் போகலீங்க" என்று எழுதினார் ஸ்கூட்டர் ஐயா. ஒரு மணி நேரத்தில் படங்கள் திரும்ப வந்தன. அந்தப் படங்கள் என் லேப்டாப்பில் எந்த இடத்தில் இருக்கின்றன என்பது என் கணவருக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் இருக்கும் அவருக்குத் தெரியும்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் ஊரில் கல்யாணமான ஒவ்வோர் ஆணுக்கும் முறை வைத்து நாள் வரும். இதைப் பாடு என்பார்கள். ஒரு முறை தவறினால் அடுத்தது வரப் பல நாள் ஆகும். யாருக்குப் பிறகு யார் என்கிற வரிசையை ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். அந்த நோட்டு பதினோரு வருடமாக என் மாமனாரிடம் இருந்தது. அவர் தலைவரும் இல்லை, பெரிய வசதிக்காரரும் இல்லை. முறையில் ஒரு நாளும் தப்பு வராது என்ற பேர் ஒன்றுதான் அவருக்கு இந்த ஊரில் இருந்தது.

சென்ற வருடம் புயல் மழையில் அந்த நோட்டு நனைந்துவிட்டது. மாமனார் அதை வெயிலில் காயவைத்து என்னிடம் கொண்டுவந்தார்.

"இன்னொரு மழைக்குத் தாங்காதும்மா. நீ உன் பொட்டியில அடிச்சிக் குடு. பேப்பரா ஒட்டிட்டா ஊரே பாத்துக்கும்."

இந்த வீட்டில் என் படிப்பை யாரோ ஒருவர் எடுத்துப் பயன்படுத்தக் கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்று மதியங்கள் அவர் படிக்கப் படிக்க நான் அடித்தேன். ஒவ்வொரு பெயரோடும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஒருவருக்கு நண்டின் பெயர், ஒருவருக்கு அவர் நடக்கும் நடை, இன்னொருவருக்கு எழுதவே முடியாத ஒன்று.

"மாமா, இதெல்லாமா அடிக்கிறது? பெரியவங்க."

அவர் சிரித்தார். "அடிச்சி செவுத்துல ஒட்டினா ஒவ்வொருத்தனும் துடுப்பத் தூக்கினு வருவான். அடிக்கலன்னா எவன் எவன்னு தெரியாது. பாத்து செய்மா."

நான் பார்த்துச் செய்தேன். மருமகள் கையால் பெரியவர்களின் பட்டப்பெயர் அச்சாகக் கூடாது என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இந்த ஊரில் குலசாமி பெயரையும் தாத்தா பெயரையும் மாற்றி மாற்றி வைப்பார்கள் என்பதும், ஒரே பெயரில் மூன்று நான்கு பேர் உண்டு என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். அடிக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. என் நினைவில் இருந்ததெல்லாம் வேறு. மகள் நடுநடுவே மடியில் ஏறி எழுத்துகளைத் தட்டினாள். இரண்டு தடவை எங்கே விட்டேன் என்று தேடித் தேடித் தொடர்ந்தேன். அடித்த வரியையே மறுபடி அடித்துவிட்டேனோ என்ற பயம். மாமனாரிடம் திரும்பக் கேட்கக் கூச்சம். குழுவில் கேட்டேன்.

"ஒரு பெயர்ப் பட்டியல். சில வரிகளை இரண்டு தடவை அடித்திருப்பேனோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?"

பாடு பற்றியோ ஊர் பற்றியோ நான் ஒன்றும் எழுதவில்லை.

"அது ரொம்ப சுலபமுங்க," என்றார் ஸ்கூட்டர் ஐயா. பெயர் இருக்கும் பத்தியை மட்டும் தேர்வு செய்து, திரும்ப வரும் பெயர்களை நீக்கும் 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். ஏழு வரிகள் நீக்கப்பட்டன என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது.

"பாத்தீங்களா! ஏழு தடவ ரெட்டிப்பா அடிச்சிருக்கீங்க. இப்ப சுத்தமாயிருச்சுங்க."

சூரியகாந்தி அக்கா, "பிள்ளைய மடியில வச்சுட்டு அடிச்சா ஏழு என்னட்டி, எழுபதுகூட வரும்" என்றார்.

நான் உடனே நம்பினேன். ஏழு தப்பு செய்திருக்கிறாய் என்று யார் சொன்னாலும் நான் நம்பிவிடுவேன். இடையில் விட்டுப்போன வரிசை எண்களை எப்படி ஒழுங்காக்குவது என்றும் அவரே சொல்லித் தந்தார். எண்களும் ஒன்றிலிருந்து கடைசிவரை இடைவெளி இல்லாமல் அழகாக நின்றன. பழவேற்காடு பஜாரில் அச்செடுத்து, லேமினேஷன் போட்டு, மீன் ஏலம் விடும் கொட்டகைச் சுவரில் மாமனார் ஒட்டினார். குழந்தைக்குப் படகு காட்டுகிறேன் என்று சொல்லி இரண்டு நாள் அந்தப் பக்கம் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை, மாமனாருக்கு இட்லி எடுத்துக்கொண்டு போனபோது கொட்டகையில் கூட்டம். தாளைப் பார்த்து ஒருவர், பழைய வரிசைப்படி ஒருவர் என்று ஒரே இடத்தில் இரண்டு பேர் வலையோடு போய் நின்றிருக்கிறார்கள். பழைய வரிசைப்படி வந்தவருக்கு என் மாமனாரின் பெயரேதான். அவர் சுவரைக் கையால் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாபா இது? என் பேரு எங்க?"

"பன்னெண்டாவதா கீது பாரு."

"அது இவுரு! நான் எங்க? இவுரு பேரு மட்டும் ஒட்டிக்கினு கீது, என் பேரு கரைஞ்சி பூட்ச்சா?"

"லேமினேசன் போட்டும் கரையுதுடோய்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

பிறகு ஒவ்வொருவராகத் தேட ஆரம்பித்தார்கள். ஒரே பெயருள்ளவர்களில் வரிசையில் முதலில் வருகிறவர் மட்டும் இருந்தார், மற்றவர்கள் இல்லை. என் மாமனார் பெயரில் நான்கு பேர். முதலில் வருகிறவர் அவர். யாரோ எண்ணி, "ஏழு பேருபா" என்று சொன்னபோது எனக்கு அந்தச் சின்னப் பெட்டி நினைவுக்கு வந்தது. நீங்கியவை நான் இரண்டு தடவை அடித்த வரிகள் இல்லை, ஒரே பெயருள்ள வேறு வேறு ஆட்கள்.

நோட்டைக் கொண்டுவரச் சொன்னார் ஊர்த் தலைவர். நோட்டில் எல்லோரும் இருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு தப்பா அடிச்சிருக்கும்" என்றார் ஒருவர்.

மாமனார் தாளையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அது நான் சொன்னததான அடிக்கும்? எனக்குத்தான் இப்பல்லாம் கண்ணு வரி தாண்டுது."

"கண்ணு உம் பேரு கிட்ட மட்டும் கரெக்டா நிக்குதே நைனா!"

அதைச் சொன்னவர் மாமனார் தூக்கி வளர்த்த பையன் என்று மாமியார் பிறகு சொல்லி அழுதார். நான் தூணோரம் இடுப்பில் குழந்தையோடு நின்றேன். அங்கே பெண்கள் பேசும் வழக்கம் இல்லை என்பது உண்மை. ஆனால் நான் பேசாததற்கு அது காரணம் இல்லை. பயம்தான். இட்லியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

விட்டுப்போன ஏழு பேருக்கும் முறை கொடுத்தார்கள். மாமனார் தன் அடுத்த முறையைத் தானாகவே, சுவரைத் தட்டிய அந்தப் பெயர்க்காரருக்கு விட்டுக்கொடுத்தார். நோட்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டது.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. மாமனார் அன்று பொய் சொல்லவில்லை. தன் கண்தான் வரி தாண்டியது என்று உண்மையாகவே நம்புகிறார். கண் முகாமுக்குப் போனார். வயதுக்கு நல்ல பார்வை, படிக்க ஒரு கண்ணாடி போதும் என்றார்கள். "அவுங்களுக்கு இன்னா தெரியும்" என்கிறார். பஸ் பலகையை என்னைப் படிக்கச் சொல்கிறார். இருள் பிரியும் முன்னே தனியாகப் படகெடுத்தவர் இப்போது வெயில் ஏறும்வரை காத்திருந்து, துணைக்கு ஆள் தேடுகிறார். ஏழு பேர் விட்டுப்போனபோது அவர் பெயர் மட்டும் எப்படி நின்றது என்று ஊர் இன்னும் பேசுகிறது.

கணவரிடம் ஒரு காலையில் ஆரம்பித்தேன். "அந்த லிஸ்ட் விஷயம்..."

"நைனாவே மறந்துட்டாரு, நீ ஏன் கிளர்ற? வண்டி வந்துட்சி பாரு" என்று போய்விட்டார். வந்த பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குழுவிலும் சொல்லவில்லை. "பட்டியல் அச்சடிச்சாச்சுங்களா?" என்று ஸ்கூட்டர் ஐயா கேட்டபோது கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினேன். அவர் மேல் தப்பே இல்லை. ஆனால் தெரிந்தால் வருந்துவார், அதன் பிறகு யாருக்கும் தைரியமாகப் பதில் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். நினைத்தேனா, அந்த ஒரு இடமாவது பழையபடி இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேனா, தெரியவில்லை. சூரியகாந்தி அக்கா, "ஏம்மா படகு, ஆளையே காணோம்? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். அவருக்கு எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். பிள்ளை நலம் என்று மட்டும் பதில் போட்டேன். மதியம் இப்போதும் குழுவைத் திறக்கிறேன். மற்றவர்கள் பேசிக்கொள்வதைப் படித்துவிட்டு மூடிவிடுகிறேன்.

வரும் ஞாயிறு ஊர்க்கூட்டம். புதிதாகக் கல்யாணமானவர்களைப் பாடு வரிசையில் சேர்ப்பார்கள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக மாமனார் போகவில்லை என்கிறார்.

நான் சொல்லத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்படி என்றுதான் தெரியவில்லை. அவரிடம் தனியாகச் சொன்னால், "உடும்மா, யாரு கிட்டயும் சொல்லாத" என்று எனக்காக மறைத்துவிடுவாரோ? அப்போது கண்ணைப் பற்றிய பயம் மட்டும் போகும், கெட்ட பேர் போகாது. நேராகத் தலைவரிடம் போனால், மாமனாரைக் காப்பாற்ற மருமகள் கதை கட்டுகிறாள் என்பார்கள். லேப்டாப்பைக் கொண்டுபோய் அவர்கள் கண் முன்னாலேயே அந்த ஏழு வரிகளை மறுபடி நீக்கிக் காட்டினால் நம்புவார்களா? அதை அவரைக் கேட்காமல் செய்யலாமா? ஸ்கூட்டர் ஐயாவுக்கும் சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

இதைப் படிக்கிறவர்களில் கூட்டுக் குடும்பத்தில் வாழ்கிறவர்கள் இருப்பீர்கள். இப்படி ஒரு தப்பைச் சொல்லி முடித்தவர்களும் இருப்பீர்கள். யாரிடம் முதலில் சொன்னீர்கள், எந்த வார்த்தையில் ஆரம்பித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.