ராஜாவை மிதிக்காமல் நடந்தவன்

நான் தினமும் செத்துப்போன ஒரு பெண்மணியின் மேல்தான் உட்காருகிறேன். தப்பாக நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரில் ஒரு பூங்கா, அதற்குள் ஏரி, ஏரியைப் பார்த்தபடி ஒரு மரப் பெஞ்சு. அதன் முதுகில் சின்னதாய் ஒரு பித்தளைத் தகடு அடித்திருக்கிறது. பெஞ்சு செய்த கம்பெனியின் பெயர் என்றுதான் வருஷக்கணக்காய் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் மகன் ரஃபீக் அதைப் படித்துச் சொன்னான்: "மார்கரெட்டுன்னு ஒருத்தங்க நினைவா வச்சதாம் அத்தா. இந்த இடம்னா அவங்களுக்கு ரொம்பப் பிடிக்குமாம்." நெருப்பை மிதித்தவன் மாதிரி எழுந்தேன். இந்த ஊரில் செத்தவர்களைப் பெஞ்சில் வைப்பார்கள், சுவரில் வைப்பார்கள், ரோஜாச் செடிக்கு அடியில் வைப்பார்கள். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். வேறு பெஞ்சுக்கு வெயில் வராது என்பதால் நானும் அதிலேயே உட்காருகிறேன். ஆனால் உட்காருமுன் "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுத்த மரியாதை இல்லை இது. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஐந்தாவதோடு தீர்ந்துவிட்டது.

என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்லப்போவதில்லை. குடவாசல் பக்கத்தில் பிறந்தவன். என் தகப்பனார், எங்கள் அத்தா, துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பு வரப்பாய் நடந்து விற்றவர். அறுவடை முடிந்த வீட்டில்தான் துணி விற்கும், அதனால் நெல் எங்கே விளைகிறதோ அங்கே அத்தாவின் கால் போகும். நான் லாரியில் கிளீனராய் ஏறினேன். அங்கிருந்து குவைத்துக்கு ஒரு வீட்டுச் சமையல்காரனாய்ப் போனேன். அந்த வீட்டு எஜமானர் கோடைக்கு லண்டன் வந்தபோது என்னையும் பெட்டி படுக்கையோடு தூக்கிக்கொண்டு வந்தார். அவர் திரும்பிப் போனார். நான் போகவில்லை. பாத்திரம் கழுவினேன், காய்கறி இறக்கினேன், இன்றைக்கு முருங்கைக்காயும் கருவாடும் கிடைக்கிற இரண்டு பெரிய கடை என் பெயரில் நிற்கிறது. பட்டம் படித்தவர்கள் என்னிடம் கணக்கு எழுதுகிறார்கள். யாருடைய சிபாரிசும் இல்லை, யாருடைய சொத்தும் இல்லை. இதைப் பெருமையடிப்பது என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், அடிக்க என்னிடம் பெருமை இருக்கிறது.

என் மனைவி ஜமீலா போன குளிர்காலத்துக்கு முந்தின குளிரில் இறந்தாள். இங்கேயே, ஊருக்கு வெளியே முஸ்லிம்களுக்கு ஒதுக்கிய மண்ணில் அடக்கினோம். அவளுக்குப் பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. அதை எனக்கென்று எடுத்து வைக்கலாமா என்று ரஃபீக் கேட்டுக்கொண்டே இருந்தான். இல்லையென்றால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். நான் பிடி கொடுக்கவில்லை. "என்னைப் பெட்டியில போட்டு குடவாசலுக்கு அனுப்புடா, எங்க அத்தா பக்கத்துல வைக்கட்டும்" என்றுதான் முப்பது வருஷமாய்ச் சொல்லி வந்திருக்கிறேன். போன வருஷம் ஊருக்குப் போய்வந்த பிறகு அதையும் சொல்வதில்லை. ஏன் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கு வாயைத் திறந்து சொல்லப் பிடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவன் என்னைக் காரில் ஏற்றி, ராஜாக்களின் கோட்டை ஒன்றைப் பார்க்க அழைத்துப் போனான். கோட்டைக்குள் ஒரு பழைய தேவாலயம். இந்த நாட்டு ராஜா ராணிகள் சிலரை அதற்குள்தான் புதைத்திருக்கிறார்கள். பார்க்க டிக்கெட். செத்தவரைப் பார்க்க வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. காதில் மாட்டிக் கேட்க ஒரு கருவி கொடுத்தார்கள். ஜப்பான்காரனுக்கு அவன் பாஷையில் பேசியது, ரஷ்யாக்காரனுக்கு அவன் பாஷையில் பேசியது. தமிழ் இல்லை. எங்கள் ஊர் நிலத்துக்குக் கிஸ்தி வசூலித்தபோது மட்டும் தமிழில் ரசீது கொடுக்கத் தெரிந்தது இவர்களுக்கு.

வாசலுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றிச் சுவரோரம் வைத்தேன். அடக்கம் செய்த இடத்தில் செருப்போடு நடக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. உள்ளே கால் வைத்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று. கபர் உள்ள இடத்துக்குள் நுழைந்தால் அங்கே படுத்திருப்பவர்களுக்கு ஸலாம் சொல்வது எங்கள் முறை. ரஃபீக் பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தான்.

"அத்தா, இவங்க நம்ம ஆளுங்க இல்லைங்கத்தா."

"வீட்டுக்குள்ள நுழைஞ்சா வீட்டுக்காரனுக்குச் சொல்றதில்லையா? பதில் சொல்லாட்டி போகட்டும். உயிரோட இருந்தப்பவும் இவனுங்க எங்க பதில் சொன்னானுங்க?"

"மெதுவாப் பேசுங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கத்தானேடா டிக்கெட் வாங்கியிருக்காங்க."

உள்ளே கண் கூசுகிற வேலைப்பாடு. கல்லில் விசிறி விரித்த மாதிரி கூரை, வண்ணக் கண்ணாடி, தொங்குகிற கொடிகள். நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன். தரையில் பளபளவென்று கறுப்புக் கல், அதில் எழுத்து. ராஜா அதற்கு அடியில் இருக்கிறார். அந்தக் கல்லின் மேலே ஜனங்கள் சர்வ சாதாரணமாய் நடந்து போகிறார்கள். ஒரு பிள்ளை ராஜாவின் பெயர் மேல் நின்று ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தது. நான் சுவரை ஒட்டி, கல்லுக்குக் கல் தாண்டி, நாற்றங்காலுக்குள் நாற்றை மிதிக்காமல் நடக்கிற மாதிரி காலுறையோடு நடந்தேன். கறுப்பு அங்கி போட்ட காவல்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். என் வயசுதான் இருக்கும், முகத்தில் நல்ல சாந்தம். என் காலைக் காட்டி என்னவோ கேட்டார்.

"பீப்பிள் ஸ்லீப்பிங், சார்," என்றேன் நான். "ஐ நோ வாக்."

அவர் தலையாட்டிவிட்டு அவசரமாய்ப் போனார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். எனக்கு நடக்க முடியவில்லை என்று நினைத்துவிட்டார் பாவம்.

"உக்காருங்கத்தா," என்றான் ரஃபீக், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "தூரத்துலேருந்து தள்ளிட்டு வந்திருக்காரு."

"நான் உக்காந்தா சக்கரம் ராஜா நெஞ்சு மேல ஏறும்டா. எனக்குக் கால் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு. மிதிக்கத்தான் மனசில்லன்னு சொல்லு."

அவன் விளக்கிச் சொன்னான். காவல்காரர் சிரிக்கவில்லை. மெதுவாக நீளமாய்ப் பேசினார். ரஃபீக் தமிழில் சொன்னான்: தாராளமாய் நடக்கலாமாம். அந்தக் காலத்தில் சிலர் விரும்பியே தரைக்கு அடியில் இடம் கேட்டார்களாம், எல்லோரும் மிதித்துப் போகட்டும் என்று. பணிவாம். சிலர் உயிரோடு இருக்கும்போதே தங்கள் இடத்தைத் தாங்களே குறித்து, கல்லையும் செதுக்கச் சொல்லிவிட்டுத்தான் போவார்களாம். செத்தபிறகு மற்றவர்கள் மறந்துவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியுமாம். உயிரோடிருந்தவரை யார் முன்னாலும் குனியாதவர்களுக்குச் செத்தபிறகு பணிவு வந்துவிட்டது. நான் அதைச் சொல்லவில்லை. அந்த மனிதர் நல்லவர். ஆனால் மற்றவர்கள் மறந்துவிடுவார்கள் என்று அவர் கடைசியாய்ச் சொன்னது எனக்குள் முள்ளாய் இறங்கிவிட்டது.

தஞ்சாவூரிலும் ராஜாக்கள் இருந்தார்கள். வடவாற்றங்கரையில் ராஜாகோரி என்று ஓர் இடம், அரண்மனைக்காரர்களை எரித்து மண்டபம் கட்டிய இடம். லாரியில் அரிசி ஏற்றிப் போகிற நாளில் அங்கே இறங்கிக் கை கால் கழுவியிருக்கிறேன். மண்டபத்துக்குள் ஆடு படுத்திருக்கும், சுவரில் ஆலங்கன்று முளைத்திருக்கும். எந்த மண்டபம் எந்த ராஜாவுக்கு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. ராஜாவுக்கே அந்த கதி. எங்கள் அத்தா துணி மூட்டைக்காரர்.

அத்தா இறந்தபோது நான் குவைத்தில் இருந்தேன், பாஸ்போர்ட் எஜமானரின் அலமாரியில் இருந்தது. கார்த்திகை மழை. எங்கள் ஊர் கபர்ஸ்தான் வாய்க்காலை ஒட்டிய பள்ளக்காடு. குழி வெட்ட வெட்ட ஊற்றெடுத்ததாம். "வாளியால இறைச்சு இறைச்சுத்தான்டா அத்தாவை வச்சோம்" என்று அண்ணன் போனில் அழுதான். அந்தத் தண்ணீர் அதற்குப் பிறகு என் காதுக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. கையில் நாலு காசு சேர்ந்ததும் நான் செய்த முதல் தர்மம் அதுதான். கபர்ஸ்தான் முழுக்க மண் அடித்து மேடாக்கக் கொடுத்தேன். மண் லாரி கடைத்தெரு வரை வரிசை கட்டி நின்றதாம். சுற்றுச்சுவர், இரும்பு கேட், கேட்டின் மேல் பளிங்குக் கல்லில் என் பெயர், முன்னால் ஹாஜி என்று போட்டு. எம்.எல்.ஏ. பெயரைவிடப் பெரிய எழுத்து என்று எழுதிச் சொன்னார்கள். ஏன் இருக்கக் கூடாது? கொடுத்தவன் நான்.

மண் அடித்த பிறகு முதல் தடவையாய்ப் போன வருஷம்தான் அந்தக் கேட்டைத் திறந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். அத்தாவின் தலைமாட்டில் அண்ணன் நட்ட சின்ன மீசான் கல் இருக்க வேண்டும். அண்ணனும் இப்போது இல்லை. உள்ளே ஒரே சமதளம், விளையாட்டு மைதானம் மாதிரி. பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிற முத்தவல்லி எனக்கு மச்சான் முறை. என் கூட வந்த அவர் கையை விரித்துப் பெருமையாய்க் காட்டினார்.

"பாரு மச்சான், சொட்டுத் தண்ணி நிக்காது. ஊரே இனி உன் மண்ணுலதான் படுக்கப்போவுது."

"எங்க அத்தா எங்க மச்சான்?"

"இங்கதான். அந்த வேப்பமரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல."

"நடுவுலன்னா?"

"ஜேசிபி விட்டு அடிச்சப்ப பழைய கல்லெல்லாம் உள்ள போயிடுச்சு. அந்தந்தக் கல்லை எடுத்து வச்சு மறுபடி நடவா முடியும்? யாரும் வந்து கேக்கவுமில்ல. நீ நின்ன எடத்துலேருந்தே துஆ கேளு. அல்லாவுக்கு அட்ரஸ் தெரியும்."

ஒரு குச்சி நட்டு வைத்திருக்கலாம். ஒரு செங்கல்லையாவது குத்தி வைத்திருக்கலாம். மண்ணுக்குக் காசு கொடுத்தவனின் தகப்பன் எங்கே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. என் பெயரைப் பளிங்கில் வெட்டிய அதே கை, உள்ளே அத்தாவின் பெயரை நான் வாங்கிக் கொடுத்த மண்ணைப் போட்டே மூடியிருக்கிறது. நான் வேப்பமரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் அடி எடுத்து வைக்கப் பயந்து நின்றேன். எங்கே வைத்தாலும் அது அத்தாவின் நெஞ்சாக இருக்கலாம். கடைசியில் மச்சான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மிதித்துக்கொண்டுதான் வந்திருப்பேன்.

தேவாலயத்தை விட்டு வெளியே வந்தபோது சுவரோரம் வைத்த ஷூவைக் காணவில்லை. அனாதையாய்க் கிடந்த பொருள் என்று காவலுக்கு இருந்தவர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். தூறல் வேறு. ரஃபீக் ஓடிப்போய்க் கேட்டு வாங்கி வருவதற்குள் ஈரக் கல்லில் காலுறை நனைந்து கால் விறைத்துவிட்டது. அவன் திரும்பி வந்து, குனிந்து, என் காலைத் தன் கோட்டால் துடைத்தான். அப்போதுதான் அவனிடம் ஊர் விஷயத்தைச் சொன்னேன், மண், ஜேசிபி, வேப்பமரம் எல்லாவற்றையும். அவன் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"அப்ப அங்க பக்கத்துலன்னு ஒண்ணும் இல்லையாத்தா?"

"இல்லடா."

"நான் என்ன செய்யட்டும்?"

"உங்கம்மா பக்கத்து எடத்தை எடுத்துடு. ஆனா கல்லை இப்பவே நடணும். என் பேரைப் போட்டு. நான் கண்ணால பாக்கணும்."

"உயிரோட இருக்குறவங்களுக்கா? யாராவது கேட்டா என்னத்தா சொல்றது?"

"இங்க உள்ள ராஜாங்களே செஞ்சாங்கன்னு சொல்லு."

கல்லுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆள் இறந்தால்தான் கல் நடலாமாம், சட்டம். அதுவரை இடம் எடுத்ததற்கு அடையாளமாய் ஒரு மர முளை மட்டும் அடித்துத் தருவார்களாம். அடித்துவிட்டார்கள். முழங்கால் உயரம், அதில் சின்னத் தகடு, தகட்டில் ஆங்கிலத்தில் என் பெயர். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, ரஃபீக் இல்லை என்கிறான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஜமீலாவுக்கு ஸலாம் சொல்லப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன். எங்கள் ஊரில் அறுவடை முடிந்த வயலில் ஆட்டை மேயவிட்டு இப்படித்தான் முளை அடித்துக் கட்டுவார்கள். கயிற்றின் நீளத்துக்கு ஆடு மேயும். என் முளை இங்கே அடித்தாகிவிட்டது. குடவாசலில் இரும்பு கேட்டின் மேல் என் பெயர் வெயிலில் காய்கிறது. ஜனாஸாவைத் தோளில் தூக்கிப் போகும்போதெல்லாம் ஊர் அதற்குக் கீழே நுழைந்து போகிறது, நான் வாங்கிக் கொடுத்த மண்ணில் படுக்கிறது. அங்கேயும் நான் இல்லை, இங்கேயும் இன்னும் இல்லை. ஜமீலாவிடமிருந்து திரும்பும் வழியில் ஏரிக்கரையில் இறங்கி, கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மார்கரெட்டின் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன்.