அடுத்த சைஸ் என்ன விலை?

அவளை எல்லோரும் நடங்கம்மா என்றே கூப்பிட்டார்கள். பிசியோதெரபி படித்துப் பட்டம் வாங்கியவள். வாசல் பலகையில் முழுப் பெயரும் பட்டமும் இருந்தன. ஆனால் காலையிலிருந்தே "நடங்க, தரையைப் பாக்காதீங்க, நடங்க" என்ற குரல் தெருமுனை வரை கேட்கும்போது பலகையை யார் படிக்கிறார்கள்?

வீட்டின் முன்னறைதான் சிகிச்சைக்கூடம். பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு கம்பிகள், உயரமான கட்டில் ஒன்று, ஆளுயரக் கண்ணாடி, மூலை மேஜையில் ஒரு கம்ப்யூட்டர். வருகிற ஒவ்வொருவரையும் முதல் நாளே கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தி வீடியோ எடுத்துவிடுவாள். பிறகு மாதங்கள் ஓடும். ஒருநாள் அந்த ஆள், "ஒரு முன்னேற்றமும் இல்லம்மா, சும்மா அலைய விடறீங்க" என்பார். சொல்லாதவர் கிடையாது. அவள் வாதாட மாட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு முதல் நாள் படத்தைக் காட்டுவாள். அதைப் பார்த்த பிறகும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டவர்கள் ரொம்பக் குறைவு. அதனால் அவள் எந்தப் படத்தையும் அழித்ததில்லை.

அந்தக் கம்ப்யூட்டர்தான் இப்போது பாதி வேலையில் தானாக அணைய ஆரம்பித்திருந்தது. அதே வாரம்தான் பஸ் டிரைவரும் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமையோட சரி. இனிமே வரல" என்றார். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்த மனிதர். அவர் பின்னால் நின்ற மனைவி, கைகூப்பாத குறையாக நடங்கம்மாவைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை வாங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்றாள் நடங்கம்மா. அன்று சாயங்காலமே கணவரைக் கூட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் காட்டிய பெட்டி உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரியது. விலையும் நினைத்ததை விடக் குறைவு. கணவர் பையிலிருந்து பணத்தை எடுக்கவே தொடங்கிவிட்டார்.

"ஸ்டோரேஜ் இதுல கம்மியா இருக்கே. அடுத்த சைஸ் என்ன விலை?" என்றாள்.

கடைக்காரர் கால்குலேட்டரில் தட்டி அவள் பக்கம் திருப்பினார். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"இது ரெண்டு கம்ப்யூட்டருக்கா?"

"இல்ல மேடம். ஸ்டோரேஜுக்கு மட்டும் கூடுதலா."

"அதுக்கும் அடுத்தது?"

மறுபடி தட்டினார். கணவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உக்கார எங்கயாவது இடம் இருக்கா?" என்றார்.

"பெட்டி அதே பெட்டிதான? வேகமும் அதேதான?" நடங்கம்மா விடவில்லை.

"எல்லாம் அதேதான் மேடம்."

"உள்ள ஒரு துண்டு மட்டும் கொஞ்சம் பெரிசா இருக்கும். அதுக்கு ஒரு முழு கம்ப்யூட்டர் விலையா?"

"பெரிசாக்கூட இருக்காது மேடம்" என்றார் அந்த நல்ல மனிதர். "பாக்க அதே அளவுதான் இருக்கும்."

கூடம் தொடங்கியபோது வாங்கிய கட்டில், கம்பிகள், கண்ணாடி எல்லாவற்றுக்கும் சேர்த்துக்கூட இவ்வளவு ஆகவில்லை. அவற்றின் மேலாவது ஆள் ஏறி நிற்கலாம்.

"சரி, சின்னதே குடுங்க. பின்னாடி பெரிசா மாத்திக்கறேன்."

"பின்னாடி மாத்த முடியாது மேடம். இப்ப எடுக்கறதுதான்."

அதை அவள் நம்பவில்லை. சின்னதையே வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், "மனுஷன் முட்டியையே கழட்டிட்டு வேற வைக்கிறாங்க. இதை மாத்த முடியாதாம்" என்றாள். கணவருக்கு இன்னும் அந்த இரண்டாவது விலை கண்ணுக்குள் நின்றது.

பழையதிலிருந்து புதியதற்குப் படங்களை மாற்றும் வேலை மறுநாள் தொடங்கியது. பழைய பெட்டி சூடானால் அணைந்துவிடும் என்று டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பென் டிரைவில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளினாள். எதையும் ஒழுங்காகச் செய்பவள் ஆயிற்றே! மிகப் பழைய ஆளிலிருந்து வரிசையாக வந்தாள். டிரைவரின் முறை கடைசியில்தான். பாதியைக் கூடத் தாண்டவில்லை, 'போதுமான இடம் இல்லை' என்றது புதிய கம்ப்யூட்டர். பார்த்தால், அவள் எதையும் போடுவதற்கு முன்பே ஒரு பெரிய பங்கைத் தன் சொந்த உபயோகத்துக்கு அதுவே எடுத்துக்கொண்டிருந்தது. விற்கும்போது முழு வீடு, குடி வந்தால் இரண்டு அறை பூட்டு!

புதிய கம்ப்யூட்டரிலிருந்து இறந்துபோனவர்களின் படங்களை முதலில் அழித்தாள். அவர்களுக்கு இனி நடை தேவையில்லை. அப்புறமும் இடம் போதவில்லை. கணவர் ஆசையாக முதல் ஆளாகக் கொண்டுவந்து போட்ட கல்யாண வீடியோ கண்ணில் பட்டது. பெரிய பண்டல். அதையும் அழித்தாள்.

"என் கல்யாணத்தையா அழிச்ச?" கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கும் அன்னிக்குத்தான் கல்யாணம். பழைய பெட்டியில இருக்கு, கத்தாதீங்க."

ஆனால் டிரைவரின் படத்தை எடுக்கத் திரும்பினால், பழைய பெட்டி ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. அதன் பிறகு எந்த பட்டனை அழுத்தியும் எழவில்லை. ஃபேன் மட்டும் அதன் முகத்தில் காற்று வீசிக்கொண்டிருந்தது. கணவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை.

காலையில் கொழுந்தனைக் கூப்பிட்டாள். மண்டபங்களில் மைக் கட்டுகிற ஆள். வீட்டில் அவருக்குப் பெயர் 'வயர்'. வந்தவுடன் புதிய பெட்டியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தார்.

"ஸ்டோரேஜை உள்ளயே ஒட்டி வச்சிருக்கான் அண்ணி, மாத்த முடியாது. கடைக்காரன் பொய் சொல்லல."

பிறகு பழையதைத் திறந்தார். உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. "கரண்ட் வர்ற பாகம் போயிடுச்சு. படமெல்லாம் இருக்கற டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல." இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி அந்த டிஸ்க்கை வெளியே எடுத்தார். தெருக்கோடிக் கடையில் வாங்கி வந்த பிளாஸ்டிக் உறைக்குள் அதைத் தள்ளி, ஒரு வயரால் புதிய கம்ப்யூட்டரில் செருகினார். திரையில் எல்லோரும் வரிசையாக வந்து நின்றார்கள். இறந்தவர்களும் இருந்தார்கள். கல்யாணமும் இருந்தது.

"இதுல எவ்வளவு இடம்?"

வயர் சொன்னார். கடையில் கேட்ட இரண்டாவது விலைக்குக் கிடைப்பதை விட அது அதிகம்.

"அந்த உறை என்ன விலை?"

"டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்ட காசு."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கம்ப்யூட்டர் வாங்கினதே எனக்கு இப்பதான் தெரியும் அண்ணி. சொல்லாம வாங்கினீங்க, சொல்லாம கல்யாணத்தை அழிச்சீங்க."

டிரைவர் வந்தபோது அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றாள். அவருடைய முதல் நாள் படத்தை ஓடவிட்டாள்.

திரையில் ஒரு ஆள் கம்பியைப் பிடிக்கத் தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பின்னால் மனைவி அவர் இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ கத்தினாள். டிரைவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "இது நானா?" என்றார். பிறகு, "நீ ஏன் அதுல அழற?" என்று மனைவி பக்கம் திரும்பினார்.

"எங்க அழுதேன்? என் கால் மேல ஏறி நிக்கிறீங்க. நல்லாப் பாருங்க."

பார்த்தார். உண்மைதான். உயிரில்லாத அந்தக் கால் முழுப் பாரத்தோடு அவள் பாதத்தின் மேல் இருந்தது.

"அப்ப உன் கட்டை விரல் நகம் கறுத்துப் போச்சே. கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்ன?"

"வேற என்னத்தைச் சொல்ல?"

டிரைவர் எழுந்தார். கைத்தடியைத் தேடவில்லை. கம்பிகளுக்கு நடுவில் போய் நின்று மனைவியைப் பார்த்து, "நீ அங்கயே நில்லு, கிட்ட வராத" என்றார். பிறகு நடங்கம்மாவிடம், "இதையும் படம் பிடிங்கம்மா" என்றார்.

அவள் ஃபோனைத் தூக்கினாள். உள்ளறையிலிருந்து கணவரின் குரல் பதறிக்கொண்டு வந்தது: "ஏய், இடம் இருக்கா? எதையும் அழிச்சுடாத!"

"இருக்கு" என்றாள். "நீங்க நடங்க. தரையைப் பாக்காதீங்க."