பூட்ஸுக்குள் காரப்பொடி

ஐப்பசி பிறந்துவிட்டால் என் கால்கள் வீட்டில் தங்கா. எண்ணூர்க் கழிமுகத்தைத் தோணியில் தாண்டினால் ஒரு மணல் தீவு. இந்தப் பக்கம் உப்பங்கழி, அந்தப் பக்கம் கடல், நடுவே காற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பியையும் இழுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் ராயபுரத்தில் அவன் பெண் பார்க்கப் போக வேண்டும். பயத்தில் காலையிலிருந்து நாலு தடவை தலை சீவிவிட்டான். காற்றுப் பட்டால் தெளிவான் என்று நினைத்தேன்.

கரையில் இறங்கியதும் பூட்ஸைக் கழற்றினான். “புது பூட்ஸு, மாமா. இதுக்கு எதுனா ஆச்சுன்னா அக்கா என் தோல உரிச்சுடும்.”

அங்கே ஒரு கட்டுமரத்தை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப் போட்டிருந்தார்கள். அடையாளத்துக்கு வேறென்ன வேண்டும்? பூட்ஸை அவற்றின் ஓரமாக வைத்துவிட்டு நடந்தோம்.

அடப்பங்கொடி ஊதாவாய்ப் பூத்துக் கிடந்தது. எந்தத் தேசத்திலிருந்தோ வந்திறங்கிய உள்ளான் குருவிகள், அலை பின்வாங்கினால் துரத்தின, திரும்பி வந்தால் ஓடின. ராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டைகள் மணலில் உருண்டு எங்களை முந்தின. உலகமே ஓடுகிறது, ஓட்டமே உயிர் என்று நான் உருகினேன்.

“மாமா, பொண்ணு எதுனா கேட்டா இன்னா சொல்றது?” என்றான் அவன்.

திரும்பி வந்தால் கட்டுமரத்தையும் காணோம், பூட்ஸையும் காணோம். காய்ந்த மரத்தைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போவார்கள் என்பது ராயபுரத்தில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். அவன் நாய்போல் மணலைத் தோண்டினான். நான் ஆறுதலாகப் பக்கத்தில் தோண்டினேன்.

கடைசியில் ஒரு கட்டுமரம் கரை தட்டியது. துடுப்பில் பூட்ஸ் தொங்கியது. அதிலிருந்து இறங்கிய மீனவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“நைனா, ரெண்டு பேர்ல யாரு செத்தது?”

“யாரும் சாகலியே!”

“பூட்ஸு கீது, ஆளு இல்ல. எவனோ கடல்ல பூட்டான்னு அலறி அடிச்சிகினு போய்த் தேடுறேன். நீங்க இன்னாடான்னா மண்ணுல வெளையாடிகினு கீறீங்க! பொணத்துக்கு வல போட்டா காரப்பொடி மீனு மாட்டுது. அவசரத்துல மீன் கூடய எடுக்கல. அதான் இதுல போட்டாந்தேன்.”

மீனை அவருக்கே கொட்டிவிட்டு, பூட்ஸைக் கடலில் மூன்று முறை அலசினோம்.

பெண் வீட்டு வாசலில் கழற்றிய பூட்ஸைச் சுற்றித் தெருப்பூனைகள் எல்லாம் கூடிவிட்டன. பெண்ணின் தகப்பனார் எட்டிப் பார்த்து, மூக்கை உறிஞ்சினார்.

“இன்னா மாப்ள, காரப்பொடியா?”

“எண்ணூர்க் காரப்பொடி, மாமா!” பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தவன்போல் கத்தினான்.

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பும்போது வாசலில் பூனைகள் விட்டுவைத்த ஒரு பூட்ஸ்தான் இருந்தது. அதையும் போட்டுக்கொள்ள மறந்து, சிரித்துக்கொண்டே வீடுவரை நடந்தான். அக்காவுக்கு யார் பதில் சொல்வது என்ற கவலை எனக்கு.