மற்றவர் கட்டத்தில் ஒன்று

நான் அங்கன்வாடி டீச்சர். மாதக் கடைசியில் ஓர் அறிக்கை எழுத வேண்டும். ஆண் எத்தனை, பெண் எத்தனை, எஸ்.சி. எத்தனை, மற்றவர் எத்தனை. சேத்தியாத்தோப்புப் பக்கத்து எங்கள் ஊரில் மற்றவர் என்றால் ஊர்த்தெருப் பிள்ளைகள். அவர்களும் எங்கள் காலனிப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார வேண்டும் என்று நான் படாத பாடு பட்டேன்.

முன்பு மையம் ஊர்த்தெருவில் வாடகை வீட்டில் இருந்தது. பிறகு காலனியில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிப் புதுக் கட்டடம் வந்தது. டைல்ஸ் தரை, சுவரெல்லாம் யானையும் மயிலும். குடிபோன மாதமே ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிவைத்தாற்போல் சளி பிடித்தது. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். "ரோடு கிராஸ் பண்ணணுமே டீச்சர்" என்றார்கள். அதே ரோட்டைத் தாண்டித்தான் நர்சரி வேன் ஏறினார்கள்.

ஒருத்தி மட்டும் கைவிடவில்லை. ஊர்த்தெருக்காரி, சிதம்பரத்தில் என்னோடு கல்லூரியில் படித்தவள். மூன்று வருடமும் ஒரே பஸ், ஒரே பெஞ்சு. என் அம்மா கொடுத்தனுப்பும் நெத்திலிக் குழம்பை டப்பாவோடு வழித்துச் சாப்பிடுவாள். நாலு வயது மகளை ஸ்கூட்டியில் கொண்டுவந்து இறக்கி, "யாரு வராட்டி என்னாடி, எம் பொண்ணு வருவா" என்றாள். நான் அழுதே விட்டேன். மற்றவர் கட்டத்தில் ஒன்று என்பதைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுவேன். கடலூர் மீட்டிங்கில்கூட அவளைப் பற்றிப் பீற்றிக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு, சாப்பாட்டுக்கு முன்னால், மகளை அழைத்துப் போய்விடுவாள். "வயிறு சரியில்லடி, வீட்டுச் சாப்பாடுதான் குடுக்கணுமாம்." முட்டை போடும் நாளில் மட்டும் டப்பாவை நீட்டி மகளின் முட்டையை வாங்கிக்கொள்வாள். நானும் நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒருநாள் படம் காட்டி, "முட்டை யாருக்கெல்லாம் பிடிக்கும்?" என்று கேட்டேன். எல்லாரும் கை தூக்கினார்கள். அவள் மகள் மட்டும், "எங்க நாய்க்குப் புடிக்கும் டீச்சர்" என்றாள்.

"நீ சாப்புட மாட்டியா?"

"இங்க செஞ்சத சாப்புடக் கூடாது. அம்மா நாய்க்குத்தான் போடும்."

சமைக்கும் ஆயா எங்கள் தெருக்காரர். கரண்டியோடு நின்றவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

பதினொன்றரைக்கு அவள் வந்தாள். டப்பாவை நீட்டினாள். நான் முட்டையை உரித்து, உப்புத் தூவி, குழந்தை கையில் கொடுத்தேன். குழந்தை அம்மா முகத்தைப் பார்த்தது.

"அவளுக்கு ஒத்துக்காதுடி."

"நாய்க்கு ஒத்துக்குதா?"

அவள் முகம் செத்துப்போயிற்று. "மாமியார் இருக்காங்க, நான் என்னாடி பண்றது" என்று முனகிக்கொண்டே முட்டையைப் பிடுங்கித் தட்டில் வைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் வரவில்லை. அந்த மாதம் மற்றவர் கட்டத்தில் சைபர் போட்டேன்.

அடுத்த வாரம் தன் பக்கத்து வீட்டு அம்மாவை அனுப்பியிருந்தாள். மகளுக்கு அடுத்து ஒரு கைக்குழந்தை உண்டு அவளுக்கு; அதற்குச் சத்துமாவு வேண்டுமாம். "பிரிக்காத பாக்கெட்டா பாத்து வாங்கியாரச் சொன்னா டீச்சர்."

கொடுத்தேன். குழந்தை என்ன பாவம் செய்தது. "எங்க அம்மா கொழம்பு எந்தப் பாக்கெட்டுல வந்துச்சுன்னு அவளக் கேட்டுட்டு வாங்க" என்றும் சொல்லியனுப்பினேன்.