பெர்லினில் கைதட்டாதவர்களுக்கு மதிப்பெண் போட்டவர்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்காக "யாரோடும் முரண்படாத பண்பாளர்" என்று முதல் வரி எழுதிக் கொடுத்தேன். அக்கா படித்துவிட்டு, "இது யாருலே, நம்ம அப்பாவா?" என்று கேட்டு அந்த வரியை அடித்துவிட்டார். ஜவுளிக்கடைகளுக்கு நோட்டீஸ் எழுதிப் பிழைப்பவன் நான். புளுகு தானாக வந்துவிடுகிறது. இனி வருவது அக்கா அனுமதித்த உண்மை.

அப்பா ஆழ்வார்திருநகரியில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, தாய்மாமா வீட்டில் வளர்ந்து, பாளையங்கோட்டையில் படித்து, வள்ளியூர்ப் பக்கம் சரித்திர ஆசிரியர் ஆனார். ஜெர்மனி இரண்டாம் உலகப் போரில் இறங்கிய முதல் சில வாரங்கள்தான் அவருக்கு உயிர். சாப்பிடும்போதும் அதே பேச்சு. "போலந்துக்காரந்தாம் மொதல்ல சுட்டாம்னு ஜெர்மன் ரேடியோ சொல்லுது. வேற நாட்டு ரேடியோவக் கேட்டா ஜெயிலு. சனங்க எதத்தாம் நம்பும்?"

"ரசம் ஊத்தவா, வேண்டாமா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்பார் அம்மா.

வளைகுடாச் சண்டை ஓய்ந்த கோடையில், பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அப்பா போயிருந்தார். 1939இல் போர் தொடங்கியபோது ஜெர்மன் மக்களின் மனநிலை என்ன என்பது கேள்வி. "ஆரவாரத்துடன் வரவேற்றனர்" என்றது விடைக்குறிப்பு. ஒரு பிள்ளை மட்டும், "தெருவில் ஆரவாரம் இல்லை. முந்தைய போரில் மகனைப் பறிகொடுத்தவர்கள் வாயடைத்து நின்றனர். கைதட்டியவர்களைத்தான் படம் எடுத்தார்கள்" என்று எழுதியிருந்தது. மற்ற கேள்விகளில் தடுமாறியிருந்த அந்தப் பிள்ளை, இதற்கு முழு மதிப்பெண் கிடைத்தால்தான் தேறும். அப்பா முழுதாகப் போட்டார்.

முகாம் தலைவர் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, குறிப்புல இல்லாததுக்கு மார்க் கெடையாது."

"குறிப்பு எழுதுனவரு பெர்லின்ல நின்னு பாத்தாராவே?"

"நீரு பாத்தீரா?"

"நானும் பாக்கலை. அதனாலதாம் நாலு புஸ்தகம் படிச்சேன். இந்தப் பிள்ளையும் படிச்சிருக்கு."

"மார்க்க வெட்டும். இல்லன்னா பேனாவ வச்சிட்டுக் கெளம்பும்."

அப்பா மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். பகல் பதினொரு மணி வெயிலில் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதன்பின் அவரை முகாமுக்கு அழைக்கவில்லை. தலைமையாசிரியர் பதவியும் அவருக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போயிற்று.

முகாமிலிருந்து அப்பா திரும்பி வந்த அன்றைக்கு நான்தான் குதித்தேன். "ஒரு கேள்விக்காகவா இம்புட்டும்? பேசாம வெட்டிட்டு வரவேண்டியதுதானே?"

"ஏலே, போன மாசம் ஒரு கடைக்கு 'ஊரே திரண்டது'ன்னு நோட்டீஸ் எழுதுன. எத்தன பேரு நின்னாவ?"

"ஆறு பேரு. கடைக்காரரச் சேத்து."

"அம்பது வருஷங் கழிச்சு எவனாவது அந்த நோட்டீஸப் பாத்து விடைக்குறிப்பு எழுதுவாம்லே. அத ஒருத்தனாவது இல்லைன்னு சொல்லணுமா, வேண்டாமா?"



பக்கவாதம் வந்து படுத்த பிறகும் அப்பா பணிந்து போகவில்லை. நாளிதழ் படித்துக் காட்டினால் வரிக்கு வரி "யாரு சொன்னா?" என்பார். பொறுமையாகப் படித்துக் காட்டிய அடுத்த வீட்டு அண்ணாச்சிக்கும், இரவு பகல் பாராமல் புரட்டிப் படுக்கவைத்த மருமகனுக்கும், தேடி வந்த பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் உண்டு. விடைத்தாளில் எண் இருந்தது, பெயர் இல்லை. அப்பா எழுந்து வந்தபின் அந்தத் தாள் யார் கைக்குப் போனதோ, என்ன ஆனதோ, அவருக்குக் கடைசிவரை தெரியாது. தம்பியோ, தங்கச்சியோ, இந்த மலர் எப்படியாவது உங்கள் கைக்கு வந்தால் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வு முடிவு என்ன சொல்லியிருந்தாலும், நீங்கள் எழுதியது சரி.