மீன் உங்களுது, குழம்பு என்னுது

சீர்காழிப் பக்கம் அம்சத்தின் விரால்மீன் குழம்புக்குப் பெயர் உண்டு, அவள் கோபத்துக்கும்தான். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த எஸ்தர் டீச்சரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சோற்றில் குழம்பு விழுந்ததும் டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கிட்டு முழுங்குற மாதிரியா இருக்கு என் குழம்பு?" என்று எகிறினாள் அம்சம்.

"ஐயோ, உங்க பேரைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொன்னேங்க!"

இருபது வருஷத்தில் அவள் வீட்டுக்காரர் 'உப்பு கம்மி' என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை. தன் பேர் யார் காதுக்குப் போனது என்று பார்க்க, அடுத்த ஞாயிறே குழம்புச் சட்டியோடு சர்ச்சுக்குப் போனாள். மறுவருஷம் ஞானஸ்நானமும் எடுத்தாள்.

இப்போது அவள் வீட்டில் யார் சாப்பிட உட்கார்ந்தாலும் ஜெபம் அவளுடையதுதான். "ஆண்டவரே, மீனைக் குடுத்தது நீங்க, குழம்பு வச்சது நான். ஆறிப்போகுது, ஆமென்."